லீவு விட்டாச்சு... நம்ம ஊரைப் படிக்கலாமா?

வெளியூர் நண்பன் பைக்கில் பின்னால உட்கார்ந்துக்கிட்டு, "மச்சி, ரங்கப்பிள்ளை வீதின்னு போட்டிருக்கே, யாருடா அவர்?"னு கேட்டா என்ன சொல்வீங்க? முழிக்கிறீங்களா? அப்போ இந்த லீவுக்கு நாலு புத்தகம். நாலுமே நம்ம புதுச்சேரியோட சொந்தம்!

ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷி. 1736 முதல் 1761 வரை அவர் எழுதின நாட்குறிப்பை வெச்சுத்தான் நம்மூர் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்' நாவலை எழுதினார். அதோட தொடர்ச்சியான 'வானம் வசப்படும்', 1995-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது. ஹிஸ்டரின்னாலே கொட்டாவி விடுறவங்க முதல்ல எடுக்க வேண்டியது இந்த ரெண்டும்தான்.

அடுத்து, பாரதிதாசனின் 'பிசிராந்தையார்' நாடகம். ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்க்காமலே உயிருக்கு உயிரான ரெண்டு பேரோட கதை. சாட்டிங் நட்பெல்லாம் நம்ம கண்டுபிடிப்புன்னு இனி அலட்டிக்க முடியாது!

நாலாவது, 'கோபல்லபுரத்து மக்கள்'. எழுதின கி.ரா. பள்ளிப்படிப்பையே முடிக்காதவர். ஆனா, நம்ம பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்தார். அரியர் வெச்சிருக்கிறவங்க மனசு விட்டுடாதீங்க!

காசில்லையா? 1827-ல் தொடங்கின ரோமன் ரோலண்ட் நூலகம் நம்ம ஊர்லதானே இருக்கு!

டூரிஸ்ட் ரெண்டே நாள்ல கேமராவோட ஊரைச் சுத்திட்டுப் போயிடுவார். இங்கேயே பொறந்து வளர்ந்த நாமளும் சுவரை மட்டும் பார்த்துட்டுப் போனா எப்படி? படிச்சு முடிச்சதும் ஒரு சாயங்காலம் பைக்கை நிறுத்திட்டு, அந்த வீதியில நடந்து பாருங்க. நண்பனுக்குச் சொல்ல ஒரு கதை கிடைக்கும்.