கருக்கலைப்பு: சட்டம் தரும் உரிமை

1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரத்தோடு நின்றது. கருவின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனோ பொதுவாக 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கப்படுவது. குறை உறுதியாகும்போது கெடு முடிந்திருக்கும். 2008இல் மும்பையைச் சேர்ந்த ஒரு பெண், கருவின் இதயக் கோளாறு 24ஆம் வார அளவில் தெரியவந்ததும், மருத்துவர் நிகில் தாத்தாருடன் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடினார். அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் அந்த வழக்கு எழுப்பிய கேள்வி ஓயவில்லை.

2021இல் சட்டம் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் போன்றோருக்கு இரு மருத்துவர்களின் கருத்துடன் 24 வாரம் வரை இடமுண்டு. கருவில் கடுமையான குறை இருந்தால் வார வரம்பே இல்லை. மருத்துவக் குழு முடிவு செய்யும். திருமணமாகாத பெண்களுக்கும் 24 வார வாய்ப்பு உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வெகு காலம் முன்பே வந்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

மும்பையின் தாராவியிலோ மாஹிமிலோ வசிக்கும் பெண்ணுக்கு முதலில் எழும் சந்தேகம், கணவர் கையெழுத்து வேண்டுமா என்பதே. வேண்டாம். 18 வயது நிரம்பியவருக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். அவர் பெயரை ரகசியமாகக் காக்க வேண்டியது மருத்துவரின் கடமை.

மாத்திரை மூலம் கலைக்க 9 வாரம் வரை விதிகள் அனுமதிக்கின்றன. மருந்துக்கடையில் தானாக வாங்கி விழுங்குவது ஆபத்து. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.