ஸ்படிகத்துக்குள் நீல மேகம்!

ஸ்படிகம் என்றால் எப்படி இருக்க வேண்டும்? தண்ணீர் போல இருக்க வேண்டும். உள்ளே ஒரு தூசு கூட இருக்கக்கூடாது. ஸ்படிக மாலை வாங்குகிறவர்கள் மணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

ஆனால் உள்ளே "அழுக்கு" இருப்பதற்காகவே தேடித் தேடி வாங்கப்படும் ஸ்படிகம் ஒன்று உண்டு. அந்த அழுக்கின் நிறம், வெளிறிய மயில் கழுத்து நிறம்!

கல்லைக் கையில் எடுத்தால் ஆறு பட்டை. நுனி கூர். மெதுவாகத் திருப்பினால், பச்சையும் நீலமும் கலந்த ஒரு மேகம் உள்ளே தெரியும். புகை போல, இறகு போல அப்படியே நிற்கும். சில கற்களில் அதன் பக்கத்திலேயே பளிச்சென்று வான நீலம் இருக்கும். இன்னும் சிலவற்றில் குங்குமம் தூவியது போலச் சிவப்பு. சிவப்பு, இரும்பின் வேலை. நீலமும் பச்சையும் செம்பின் வேலை.

இந்தக் கல்லுக்குப் பேர் பெற்ற இடம் முசினா. தென் ஆப்பிரிக்காவின் வடகோடியில் இருக்கிறது.

"கெடுப்பது"

முசினாவிலிருந்து சுமார் 10 மைல் வடக்கே போனால் லிம்போபோ ஆறு. ஆற்றுக்கு அக்கரை ஜிம்பாப்வே நாடு. வெயில் கொளுத்தும் சீமை. யானை போல அடி பெருத்த பெருக்க மரங்கள் அங்கு நிறைய உண்டு.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கு வாழ்ந்த முசினா மக்கள் பூமியைத் தோண்டிச் செம்பு எடுத்தார்கள், உலையில் உருக்கினார்கள். "முசினா" என்றால் "கெடுப்பது" என்று பொருள் சொல்கிறார்கள். மண்வெட்டிக்கும் ஈட்டிக்கும் இரும்புதானே உதவும்? செம்பு வளைந்துவிடும். அதனால் செம்புக்கு இந்தப் பெயராம்!

அந்தப் பழைய குழிகள்தான் வெள்ளைக்காரர்களுக்கு வழி காட்டின. 1900களின் தொடக்கத்தில் கர்னல் கிரென்பெல் என்ற ஆங்கிலேயர் அங்கே ஒரு சுரங்கக் கம்பெனியைத் தொடங்கினார். சுரங்கத்தைச் சுற்றி ஊர் வளர்ந்தது. ஊரின் பெயரை அவர்கள் "மெசினா" என்று எழுதினார்கள். 2000களின் தொடக்கத்தில்தான் அது மறுபடி "முசினா" ஆயிற்று. கல் வியாபாரிகள் இன்னும் "மெசினா ஸ்படிகம்" என்றே சொல்லி வருகிறார்கள்.

கற்கண்டு போல

வயல் ஓரத்தில் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் ஸ்படிகமும் ஒரே பொருள்தான். சிலிக்கனும் பிராண வாயுவும் சேர்ந்தது அது.

பூமியின் ஆழத்தில், பாறை வெடிப்புகளுக்குள், மிகுந்த சூடான தண்ணீர் ஓடுகிறது. அதில் இந்தப் பொருள் கரைந்திருக்கும். சூடு தணியும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெடிப்பின் சுவரில் படியும். பாகில் தொங்கும் நூலில் கற்கண்டு விளைவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

முசினாவில் அந்தத் தண்ணீரில் செம்பும் கலந்திருந்தது. செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் பச்சைக் களிம்பு ஏறுகிறது அல்லவா? வேறு பொருளோடு சேர்ந்தால் செம்பு இப்படித்தான் நிறம் காட்டும்.

இனிமேல்தான் வேடிக்கை. வளர்ந்துகொண்டிருந்த ஸ்படிகம் நடுவில் ஒரு முறை நிற்கிறது. அப்போது அதன் முகங்களில் செம்புத் தாது பஞ்சு போலப் படிகிறது. பிறகு ஸ்படிகம் மீண்டும் வளர்கிறது. படிந்ததை அப்படியே மூடிக்கொள்கிறது!

ஆகவே இன்று கல்லைப் பார்த்தால், பெரிய ஸ்படிகத்துக்குள் ஒரு சின்ன ஸ்படிகம் நிழலாகத் தெரியும். அதே பட்டை, அதே கூர் நுனி. அது வேறு கல் அல்ல. அந்த ஸ்படிகத்தின் சின்ன வயது உருவமே அது. கல் சேகரிப்பவர்கள் இதற்கு "ஆவி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் பயப்பட வேண்டாம்!

பூண்டு ஊர்

பச்சை நீலத் தாதுவின் பெயர் அஹோயைட். அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் அஹோ என்று ஓர் ஊர் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் "அஹோ" என்றால் பூண்டு! அங்கே இருந்த செம்புச் சுரங்கத்தில் கிடைத்த இந்தத் தாதுவுக்கு 1958-ல் விஞ்ஞானிகள் ஊர்ப் பெயரையே வைத்தார்கள்.

வான நீலத் தாதுவும் அதே ஊரில் கண்டறியப்பட்டதுதான். 1960-ல் அதற்குப் பாபகோயைட் என்று பெயரிட்டார்கள். அது அந்தப் பகுதிப் பழங்குடி மக்களுக்குப் பிறர் வைத்த பெயர். அவர்கள் தங்களைத் "தொஹோனோ ஓதம்" என்று சொல்லிக்கொள்கிறவர்கள். 1986-ல் பழைய பெயரைச் சட்டப்படி நீக்கிவிட்டார்கள். கல் மட்டும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறது.

அஹோயைட் மெத்தென்ற தாது. கத்தி பட்டால் கீறிவிடும். ஸ்படிகமோ கத்திக்கு மசியாது. கண்ணாடிப் பெட்டியில் வைத்தது போல, உள்ளே இருக்கும் நிறத்தை அது காப்பாற்றி வருகிறது.

இனி வராது

சுரங்கத்துக்கு வேண்டியது செம்பு. ஸ்படிகம் அதற்குக் கழிவு. தாதுவோடு வெளியே வரும் கல், தாதுவோடு அரவைக்குத்தான் போகும். யாராவது குனிந்து எடுத்து வைத்தால் உண்டு. நிறவெறி ஆட்சியில் தென் ஆப்பிரிக்கச் சுரங்கங்களில் இறங்கிப் பாடுபட்ட கறுப்புத் தொழிலாளிக்குக் கிடைத்த கூலி, வெள்ளையர் கூலியில் ஒரு சிறு பங்குதான். அவர் காலடியில் கிடந்த வகைக் கல்தான் இன்று பணக்காரர்களின் அலமாரியில் இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் முசினாவின் செம்புச் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று கைமாறும் கற்கள் பெரும்பாலும் அதற்கு முன் வெளியே வந்தவையே. வரத்து நின்றதும் விலை ஏறிற்று. விலை ஏறினால் போலி வராமல் இருக்குமா?

வெறும் ஸ்படிகத்தின் மேல் உலோக ஆவியைப் படிய வைத்து நீலமாக மினுக்குகிறார்கள். கல்லைச் சூடாக்கி, சாயத்தில் போட்டு, நிறம் ஏற்றுவதும் உண்டு. கண்டுபிடிப்பது அப்படி ஒன்றும் கஷ்டமல்ல. மினுக்கிய கல்லில் நிறம் மேல் தோலோடு நின்றுவிடும், உள்ளே வெறுமை. சாயம் ஏற்றிய கல்லில் நிறம் விரிசல் கோடுகளில் மட்டும் ஓடும். நல்ல கல்லைத் திருப்பினால் மேகத்தின் ஓர் இழை முன்னாலும் மற்றோர் இழை பின்னாலும் தனித்தனியாக நகர்வது தெரியும். ஒரு பூதக்கண்ணாடி போதும். சேர்த்துக் கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

செம்புச் சுரங்கம் மூடிய முசினாவில் வேலை என்ன ஆயிற்று? ஊருக்குச் சுமார் 50 மைல் மேற்கே வெனீஷியா என்ற பெரிய வைரச் சுரங்கம் 1992-ல் திறக்கப்பட்டது. முசினாக்காரர்கள் பலர் அதன் பிறகு அங்கே வேலைக்குப் போகத் தொடங்கினார்கள்.