தலைவனும் குழுவும்

ஒருவர் தனித்து நின்று முடிக்கும் செயல்கள் உலகிற் சிலவே. வயலில் நாற்று நடுதலும், ஆலையில் நூல் நூற்றலும், மருத்துவமனையில் பிணியாளரைப் பேணுதலும் பலர் கூடிச் செய்யும் பணிகளாம். பலர் கூடும் இடத்தில் திறமை மட்டும் இருந்தாற் போதாது. திறமையுடையார் பலர் கூடியும் பணி கெடுவதுண்டு. எளியோர் சிலர் கூடி அரிய செயலை முடிப்பதும் உண்டு. இவ்வேறுபாடு எதனால் விளைகின்றது? அக்குழுவில் நிலவும் பழக்கங்களாலும், அப்பழக்கங்களை வளர்க்கும் தலைமையாலும் விளைகின்றது. இவ்வுண்மையை ஒரு வரலாற்று நிகழ்ச்சியின் வாயிலாகக் காண்போம்.

சர் எர்னஸ்ட் ஷாக்கில்டன் என்பார் தென் துருவக் கண்டமாகிய அண்டார்க்டிக்காவை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை தரைவழியே கடக்க விரும்பினார். 1914 டிசம்பர் 5ஆம் நாள் அவருடைய கப்பலாகிய 'எண்டூரன்ஸ்' தென் ஜார்ஜியாத் தீவினின்றும் புறப்பட்டது. அவரையும் சேர்த்து அதில் இருந்தவர் 28 பேர். 1915 ஜனவரியில் வெட்டல் கடலின் பனிப்பாளங்கள் கப்பலைச் சூழ்ந்து இறுகப் பற்றிக்கொண்டன. பல திங்கள் அது பனியோடு பனியாக மிதந்து சென்றது. பனியின் அழுத்தத்தால் மரப்பலகைகள் நெரிந்து முறியவே, அக்டோபர் 27ஆம் நாள் அனைவரும் கப்பலைக் கைவிட்டுப் பனித்தரையில் இறங்கினர். நவம்பர் 21ஆம் நாள் கப்பல் மூழ்கியது.

கண்டத்தைக் கடக்கும் நோக்கம் அன்றோடு அழிந்தது. ஆயினும் ஷாக்கில்டன் அதை எண்ணி இரங்கிக் காலம் போக்கவில்லை. அனைவரையும் உயிருடன் ஊர் சேர்ப்பதே இனித் தம் கடமை என்று துணிந்தார். நிலைமை மாறியவிடத்து நோக்கத்தையும் மாற்றிக்கொண்டு, அதனை யாவரும் அறியத் தெளிவாக உரைத்தல் தலைவனது முதற் கடமையாம்.

உழைப்பிலும் பங்கீட்டிலும் வேற்றுமை காட்டாமை அவரது இரண்டாவது பண்பு. கப்பலில் இருந்தபோதே, விஞ்ஞானிகளும் மருத்துவரும் மாலுமிகளோடு சேர்ந்து தரை கழுவினர். கப்பலை நீங்கியபோது மென்மயிர்த் தோலாலான உறக்கப் பைகள் 18 மட்டுமே இருந்தன. ஏனையவை குளிர் தாங்கும் ஆற்றல் குறைந்த கம்பளிப் பைகள். சீட்டுக் குலுக்கி அவை பங்கிடப்பட்டன. தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் கம்பளிப் பைகளே கிடைத்தன. எளியோருக்கு நல்லவை சேரவேண்டும் என்பதற்காகவே குலுக்கல் அவ்வாறு நடத்தப்பட்டது என்பதை மாலுமிகள் உணர்ந்துகொண்டனர். தலைவன் தனக்கென்று கொள்ளாதவிடத்து, பிறர் பொறாமை கொள்ளுதற்கு இடம் ஏது?

மூன்றாவது, மனநலம் பேணுதல். ஒவ்வொருவரும் தம் உடைமைகளுள் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ளவற்றையே எடுத்துவரலாம் என்று ஷாக்கில்டன் கட்டளையிட்டார். தம் பொற்காசுகளை முதலில் தாமே பனியில் எறிந்தார். அவ்வளவு கண்டிப்புடையவர், ஹஸ்ஸி என்பவரது பாஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவியை மட்டும் விடாது கொண்டுவரச் செய்தார். பொன்னை நீக்கிப் பாட்டைக் காத்த காரணம் யாது? பனிவெளியில் பொன்னால் பயனில்லை. இசையோ சோர்ந்த உள்ளத்திற்கு மருந்தாகும்.

நான்காவது, மாறுபடுவோரை நடத்தும் முறை. கப்பல் அழிந்தபின் தங்கள் ஒப்பந்தமும் முடிந்தது என்று வாதிட்டுத் தச்சராகிய மக்னீஷ் கீழ்ப்படிய மறுத்தார். ஷாக்கில்டன் அனைவரையும் கூட்டி ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டி, அவர்களுக்கு ஊதியம் தொடர்ந்து உண்டு என்று விளக்கினார். பின்னர் ஆபத்து மிகுந்த படகுப் பயணத்தில் அத்தச்சரையே உடன் கொண்டார். படகின் பக்கங்களை உயர்த்தி, மேலே கித்தான் போர்த்தி, அதனைப் பெருங்கடலுக்கு ஏற்றதாக்கியது அவருடைய கைத்திறனே.

1916 ஏப்ரல் 15ஆம் நாள் மூன்று படகுகளில் அனைவரும் எலிஃபென்ட் தீவை அடைந்தனர். அது மக்கள் வழங்காத தீவு. எனவே உதவி நாடி, ஏப்ரல் 24ஆம் நாள் ஷாக்கில்டனும் ஐவரும், 22 அடிக்குச் சற்று மிகுந்த நீளமுடைய ஒரு படகில் புறப்பட்டனர். செல்லவேண்டிய தொலைவு ஏறக்குறைய 800 கடல் மைல். வழியில் ஒருவர் குளிரால் நடுங்கக் கண்டால், அவருக்கு மட்டும் பால் தரச் சொல்லாமல், எல்லோருக்குமே சுடு பால் தருமாறு ஷாக்கில்டன் பணிப்பார். தளர்ந்தவர் நாணாமலும், மற்றவர் அவரை இகழாமலும் இருத்தற்பொருட்டே அங்ஙனம் செய்தார். பிறர் மானத்தைக் காக்கும் இச்செயல் எத்துணை நுட்பமானது!

தீவில் எஞ்சிய இருபத்திருவரும் ஃபிராங்க் வைல்டு என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தனர். அவர் படகுகளைக் கவிழ்த்துக் குடிலாக்கி, நாள்தோறும் ஒழுங்கு தவறாமல் பணிகளை நடத்தினார். தலைவன் இல்லாத காலத்தும் குழு குலையாது நிற்பதே நல்ல தலைமையின் அளவுகோல். ஷாக்கில்டன் தென் ஜார்ஜியாவை அடைந்து, பனிமலைகளைக் கடந்து, மே 20ஆம் நாள் திமிங்கில வேட்டை நிலையம் ஒன்றைச் சேர்ந்தார். மூன்று முறை முயன்றும் பனி அவரைத் தடுத்தது. நான்காம் முறை, ஆகஸ்டு 30ஆம் நாள், சில்லி நாட்டுக் கப்பலாகிய 'யெல்ச்சோ' தீவை அணுகியது. இருபத்திருவரும் உயிருடன் இருந்தனர்.

எனினும் ஷாக்கில்டன் குறையற்றவர் அல்லர். கண்டத்தின் மறு கரையில் உணவுக் கிடங்குகள் அமைக்க அவர் அனுப்பிய வேறொரு குழுவில் மூவர் இறந்தனர். படகைச் செப்பம் செய்த தச்சருக்குத் துருவப் பதக்கம் கிடைக்காதவாறு செய்தவரும் அவரே. பழைய பிணக்கை மறவாமை பெருந்தலைவரிடத்தும் ஒரு மாசேயாம். 1921இல் அவர் மீண்டும் தெற்கே புறப்பட்டபோது பழைய தோழர் பலர் உடன் சென்றனர். 1922 ஜனவரியில் அவர் தென் ஜார்ஜியாவில் மறைந்தார். கடலுள் 3,008 மீட்டர் ஆழத்தில் கிடந்த 'எண்டூரன்ஸ்' 2022 மார்ச்சில் கண்டுபிடிக்கப்பட்டது.

மாணவர்களே! அலுவலகமும் ஆலையும் பனிவெளி அல்ல. எனினும் அங்கும் பளுவைப் பங்கிடல், நடுநிலை வழுவாமை, மாறுபட்டுரைப்பாரையும் பயன்கொள்ளல், தளர்ந்தார் மானம் காத்தல் ஆகியவையே பணியிடத்தை நலமுடையதாக்கும். இவற்றைப் பயில நாளைவரை காத்திருக்க வேண்டா. விளையாட்டுக் குழுவிலும், வகுப்பறையைத் தூய்மை செய்யும் பணியிலும் இன்றே தொடங்கலாம். நீவிர் ஒரு குழுவின் தலைவராகுங்கால், அனைவரினும் எளிய உறைவிடம் எவருடையது, அனைவரினும் நல்ல பங்கு எவருக்குச் சென்றது என்று உம்மையே வினவிக்கொள்வீராக. அவ்வினாவிற்கு நாணாமல் விடை கூறவல்லவரே தலைமைக்குத் தகுதியுடையவர்.