மழைநீர் அறுத்த நிலம்

சென்னையிலிருந்து தில்லி நோக்கிச் செல்லும் தொடர்வண்டி குவாலியரையும் மொரேனாவையும் கடந்ததும், சன்னலுக்கு வெளியே நிலத்தின் தோற்றம் மாறிவிடுகிறது. சமவெளியாகப் பரந்து கிடந்த வயல்கள் மறைகின்றன. மண்மேடுகளும் அவற்றின் இடையே வளைந்து செல்லும் ஆழ்ந்த பள்ளங்களும் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை தெரிகின்றன. சற்று நேரத்தில் வண்டி சம்பல் ஆற்றுப் பாலத்தின்மீது செல்கிறது. அப்பள்ளங்களை அப்பகுதி மக்கள் ‘பீஹட்’ என்று அழைக்கின்றனர். அம்மேடுகள் குன்றுகளைப் போலத் தோன்றினும் குன்றுகள் அல்ல. முன்பு சமவெளியாக இருந்த மண்ணை மழைநீர் அறுத்துச் சென்றபின் எஞ்சி நிற்பவையே அவை.

சம்பல் ஆறும் அதன் மண்ணும்

சம்பல் ஆறு மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்கு அருகிலுள்ள ஜானாபாவ் குன்றில் தோன்றுகிறது. இராஜஸ்தான் வழியாகச் சுமார் 960 கிலோமீட்டர் தொலைவு ஓடி, உத்தரப் பிரதேசத்தில் யமுனையுடன் கலக்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருகரைகளிலும் ஆழமான வண்டல் மண் படிந்துள்ளது. பாறையைப் போல நீரை எதிர்த்து நிற்கும் வலிமை அதற்கு இல்லை. ஆறோ சமவெளியைவிட மிகத் தாழ்ந்த மட்டத்தில் ஓடுகிறது. ஆகவே, கரைமேல் பெய்த மழைநீர் விரைந்து இறங்கியே ஆற்றை அடைகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதியும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. கோடையில் புல்லும் காய்ந்து வெறுமையாகக் கிடக்கும் நிலத்தின்மீது முதல் மழை விழுகிறது. தளர்ந்த மண், சரிவான இறக்கம், குறுகிய காலப் பெருமழை ஆகிய மூன்றும் அங்கே ஒன்றுசேர்கின்றன.

பள்ளம் வளரும் முறை

மழைத்துளி வெற்று மண்ணில் விழும்போது மண்துகள்களைப் பெயர்த்தெறிகிறது. மண்ணுக்குள் இறங்காத நீர் அத்துகள்களைச் சுமந்துகொண்டு மெல்லிய படலமாக நகர்கிறது. தாழ்ந்த இடங்களில் ஒன்றுகூடி, விரல் அகலமே உள்ள கோடுகளைக் கீறுகிறது. இந்நிலையில் ஒருமுறை உழுதாலே அக்கோடுகள் மறைந்துவிடும். கவனியாது விட்டால் பல கோடுகள் இணைந்து ஓடையாகும்; ஓடை ஆழ்ந்து, ஏரால் நிரப்ப இயலாத பள்ளமாகும்.

இங்கு வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. நீர் மேட்டிலிருந்து தாழ்வுக்குப் பாய்கிறது. பள்ளமோ தாழ்விலிருந்து மேட்டை நோக்கி வளர்கிறது. பள்ளத்தின் மேல்முனையில் நீர் சிறு அருவிபோல விழுந்து அடிமண்ணைக் குடைகிறது. அடி குடையப்பட்டதும் மேல்மண் தாங்குவாரின்றிச் சரிகிறது. சரிந்த மண்ணை வெள்ளம் ஆற்றுக்குக் கொண்டு செல்கிறது. இவ்வாறு ஒவ்வொரு பெருமழையிலும் பள்ளத்தின் முனை வயலை நோக்கி ஏறுகிறது. பக்கங்களில் கிளைகளும் பிரிகின்றன. ஆற்றங்கரையில் தொடங்கிய பள்ளம் காலப்போக்கில் ஊரெல்லையை எட்டுவது இதனால்தான்.

மக்கள் அடையும் இழப்பு

யமுனை, சம்பல், மாஹி, சபர்மதி ஆகிய ஆறுகளின் கரைகளில் இத்தகைய நிலம் மிகுதி. நாடு முழுவதும் இது சுமார் 40 இலட்சம் ஹெக்டேர் என மதிப்பிடப்படுகிறது. பள்ளம் வயலை அடையும்போது உழவர் முதலில் இழப்பது வளமான மேல்மண்ணை. பின்னர் வயலையே இழக்கிறார். ஆழ்ந்த பள்ளங்கள் நிலத்தடி நீரையும் வடியச் செய்வதால், அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டம் தாழ்கிறது. வழிதெரியாத இப்பள்ளங்கள் நெடுங்காலம் கொள்ளையர்களுக்கு ஒளிவிடமாகவும் இருந்தன. 1960ஆம் ஆண்டில் வினோபா பாவே முன்னிலையிலும், 1972ஆம் ஆண்டில் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னிலையிலும் கொள்ளையர் பலர் படைக்கலங்களை ஒப்படைத்துச் சரணடைந்தனர்.

தடுக்கும் வழிகள்

பள்ளங்களைப் பற்றி ஆராய 1950களில் கோட்டா, ஆக்ரா, வாசத் ஆகிய இடங்களில் மண்வளப் பாதுகாப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. பள்ளத்தின் உள்ளே மட்டும் பணி செய்து பயனில்லை. அதற்கு மேலேயுள்ள வயலிலிருந்தே தொடங்க வேண்டும். வயலோரம் வரப்பு உயர்த்தினால் நீர் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். மிகுந்த நீரைப் புல் வளர்த்த வாய்க்கால் வழியே மெல்ல இறக்கிவிட வேண்டும். பள்ளத்தின் குறுக்கே கல்லாலும் சுள்ளியாலும் சிறு தடுப்புகள் கட்டினால் நீரின் வேகம் குறைந்து வண்டல் தங்கும். அதில் புல்லும் மரமும் வேரூன்றும்.

சம்பல் பள்ளங்களில் விமானத்திலிருந்து சீமைக்கருவேல விதைகளும் தூவப்பட்டன. தமிழ்நாட்டுக் கண்மாய்க் கரைகளில் காணப்படும் அதே மரந்தான் இது. அது விறகு தந்தது; ஆயினும் அங்கு இயல்பாக வளரும் செடிகளை நெருக்கிப் பரவியது. மேடுகளை இயந்திரத்தால் இடித்து நிலத்தைச் சமன்செய்வோரும் உண்டு. வரப்பும் வடிகாலும் அமைக்காவிடில், இறுகாத அம்மண்ணை அடுத்த பெருமழை மீண்டும் அறுத்துச் செல்லும்.

பெரும்பள்ளத்தை மூடப் பல ஆண்டுகள் வேண்டும். விரல் அகலக் கோட்டை மூட ஓர் உழவர் போதும். ஆகையால், முதல் கோடு தோன்றும்போதே மண்ணைக் காத்தல் வேண்டும்.

சொற்பொருள்

வண்டல் – ஆற்றுநீர் கொண்டுவந்து படியவைத்த மண்
வரப்பு – வயலின் எல்லையாக அமைந்த மண்கரை
சுள்ளி – உலர்ந்த சிறு கிளை
கண்மாய் – பாசனத்திற்கு நீர் தேக்கும் ஏரி

வினாக்கள்

1. சம்பல் கரையில் பள்ளங்கள் தோன்றுவதற்கான மூன்று காரணங்கள் யாவை?
2. பள்ளம் மேட்டை நோக்கி வளர்வது எவ்வாறு? படம் வரைந்து விளக்குக.
3. மழைக்குப்பின் பள்ளித் திடலில் நீர் கீறிய கோடுகளை உற்றுநோக்குக. புல் உள்ள இடத்திற்கும் வெற்று மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து தொடர்களில் எழுதுக.