ஆற்று மணல் நடக்கும் விதம்

ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் கரமனையாறு அதிக தூரமில்லை. ஆடி அமாவாசைக்குத் திருவல்லம் போய் அதில்தான் முழுகி எழுகிறோம். தாமிரபரணி பிறக்கும் அகத்தியர் மலைப் பகுதியில்தான் இதுவும் பிறக்கிறது. அது கிழக்கே திருநெல்வேலிக்குப் போக, இது மேற்கே நம்மிடம் வருகிறது. இதன் மணல் எப்படி நகர்கிறது என்பதை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்வது அவசியம்.

வெள்ளத்தில் வண்டல் மிதந்தே போய்விடும். கூழாங்கல் அடித்தரையில் உருளும். இடைப்பட்ட மணல் தத்தித் தத்திப் போகும். ஒரு மணி எழும்பி, சற்றுத் தூரம் போய் விழும்போது தரையில் கிடக்கும் வேறு மணிகளை இடித்துக் கிளப்பிவிடும். கேரம் காய்கள் போலத்தான். ஆனால் மிக நுண்ணிய துகள்கள் அப்படி மோதுவதில்லை. நடுவில் அகப்பட்ட நீரே மெத்தை போலிருந்து அடியைத் தாங்கிக்கொள்கிறது. ஆகவே கூழாங்கல் மோதி மோதி உருண்டையாகிறது. நுண்மணல் முனை மழுங்காமலே கடல் சேர்கிறது.

விஞ்ஞானி ஐன்ஸ்டைனின் மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் 1930களில் ஜூரிக்கில் இதையே ஆராய்ந்தார். ஒரு கல் எப்போது கிளம்பும், எங்கே நிற்கும் என்று திட்டமாகச் சொல்ல முடியாது. நிகழ்தகவுக் கணக்காகத்தான் சொல்லலாம் என்று காட்டினார். கல் நகரும் நேரம் கொஞ்சம், கிடக்கும் நேரமே அதிகம். மலையிலிருந்து மணல் வந்து சேர எத்தனை காலமாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்படி வரும் மணலை 1983-இல் கட்டிய பேப்பாறை அணையும், அதன் கீழுள்ள அருவிக்கரை அணையும் தடுத்து நிறுத்துகின்றன. கீழே லாரி லாரியாக அள்ளினால் அந்தக் குழி எப்படி நிரம்பும்? குழியில் நீரோட்டம் தளர்வதால் வந்த மணலும் அதிலேயே படிந்துவிடும். மணலில்லாமல் அதைக் கடந்து போகும் தண்ணீர் கீழ்க்கரையை அரிக்கும். ஆற்றின் அடித்தரை தாழ்ந்தால் அக்கம்பக்கத்துக் கிணறுகளிலும் நீர் இறங்கும். இதனால்தான் கேரள அரசு 2001-இல் மணல் அள்ளுவதை ஒழுங்குபடுத்தச் சட்டம் கொண்டுவந்தது.

மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கடியில் ஆளை விழுங்கும் குழி இருக்கலாம். விடுமுறையில் வரும் பேரப்பிள்ளைகளைத் தெரியாத கடவில் இறங்க விடாதீர்கள். உள்ளூர்க்காரர்களிடம் கேட்டு, ஒரு பெரியவர் துணையோடு மட்டும் இறங்கட்டும்.