கட்டையும் குழலும்

துப்பாக்கி சுடுதல் என்றவுடன் கூரிய கண்ணும் நடுங்காத கையுமே உங்கள் நினைவுக்கு வரும். தேசிய மாணவர் படையில் சேர்ந்து, மண்மேட்டின் முன் குப்புறப் படுத்துச் சுட்டுப் பழகியவர்களும் அவ்வாறே எண்ணுவர். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் அரைகுறையானது என எனக்கு உணர்த்தியது இரண்டு விரல் அகலமுள்ள ஒரு துண்டுத் தாள். அக்கதையைப் பின்னர்ச் சொல்கிறேன்; முதலில் கருவியைப் பார்ப்போம்.

ரைபிள் என்பது உட்புறம் புரி வெட்டப்பட்ட குழலையுடைய துப்பாக்கி. அதனை மூன்று பகுதிகளாகக் கொள்ளலாம். முன்னே நீண்டிருப்பது குழல். குழலின் அடியில் திருகிப் பொருத்தப்பட்டு, தோட்டாவை ஏற்றுக்கொண்டு அடைக்கும் போல்ட்டைத் தன்னகத்தே கொண்ட எஃகுப் பகுதியை ஆக்ஷன் என்பர். இவ்விரண்டையும் தாங்கித் தோளில் அணையும் மரப்பகுதி கட்டை. ஆக்ஷனின் வடிவத்திற்கேற்பக் கட்டையில் ஒரு பள்ளம் குடையப்பட்டிருக்கும். ஆக்ஷன் அப்பள்ளத்தில் அமர்ந்து, இரண்டொரு திருகாணிகளால் இறுக்கப்படும். அது அமரும் இடத்தைப் படுகை என்று சொல்லலாம். இன்று நான் பேச வந்தது இப்படுகையைப் பற்றித்தான்.

நம் மாவட்டத்து வரலாற்றில் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. 1783ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கடலூரைக் காத்து நிற்க, ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட் முற்றுகையிட்டார். அக்காலத்துக் காலாட்படையினர் ஏந்தியவை பெரும்பாலும் மஸ்கட்டுகள். அவற்றின் குழலில் புரி கிடையாது. ஈயக் குண்டு குழலைவிடச் சற்றே சிறிதாகையால் உள்ளே தட்டித் தடுமாறிக்கொண்டே வெளிவரும். நூறு கெஜத்திற்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிவைத்து அடிப்பதென்பது பெரிதும் தற்செயலே. அத்தகைய கருவிக்குக் கட்டை எப்படிப் பொருந்தினால் என்ன? குழல் நுட்பமான பிறகுதான் மரத்தின் குற்றம் வெளிப்படலாயிற்று.

அஃது எவ்வாறு? தோட்டா வெடித்தவுடன் குண்டு முன்னே பாய்கிறது. துப்பாக்கி பின்னே உதைக்கிறது. அதே நொடியில் குழல், தட்டப்பட்ட வீணைத் தந்தியைப்போல் அதிர்கிறது. குண்டு குழலைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்கேயாயினும், அதிர்வு அதற்குள் தொடங்கிவிடுகிறது. ஆகவே குழல்வாய் எத்திசையில் நிற்கும்பொழுது குண்டு வெளியேறுகிறதோ, அத்திசையிலேயே அது செல்லும். குழல் 600 மில்லிமீட்டர் நீளம் எனக் கொள்வோம். அதன் வாய் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினால், 25 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டரும், 100 மீட்டரில் ஏறத்தாழ 17 மில்லிமீட்டரும் குண்டு விலகும். கணக்கிட்டுப் பாருங்கள், வடிவொத்த முக்கோணங்கள்தாம்.

'குழலின்மேல் குறிமுள்ளும் இருக்கிறதே, குழலோடு அதுவும் திரும்பாதா?' என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. ஆனால் நாம் குறி பார்ப்பது வெடிக்கும் முன்பு. குழல் அதிர்வது வெடித்த பின்பு. அந்நேரத்தில் கண் தன் வேலையை முடித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் குழல் ஒரே விதமாக அதிருமானால் கவலையில்லை. குறிமுள்ளைச் சற்று நகர்த்தி அவ்விலகலைச் சரிசெய்துகொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக அதிர்ந்தால் எந்தக் குறிமுள்ளாலும் பயனில்லை. படுகை ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதன் பொருள், ஒவ்வொரு உதைப்பிற்குப் பின்னும் ஆக்ஷன் மயிரிழையும் பிறழாமல் தன் பழைய இடத்திற்கே வந்து அமரவேண்டும் என்பதுதான்.

1970களின் இறுதியில் நான் சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில் பயின்றபொழுது எங்களுக்குக் கிடைத்தது .303 லீ என்ஃபீல்டு ரைபிள். அதன் அமைப்பு மிகவும் சுவையானது. குழல் மெல்லியது, எனவே அதனை முற்றிலும் தனித்து விடாமல், அடிப்பகுதி மரத்தில் நன்கு அமர்ந்திருக்க, நுனியருகே ஒரு சிறு வில் கீழிருந்து மேல்நோக்கி அழுத்துமாறு செய்திருந்தனர். இடையில் குழல் மரத்தைத் தொடலாகாது. உதைப்பைத் தாங்கும் மரமுகங்கள் தேய்ந்தால் எல்லாம் கெட்டது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில் உள்நாட்டு மரம் மென்மையாக இருந்தமையால் அவ்விடத்தில் செப்புத் தகடுகளைப் பதித்தனர். நம் இஷாப்பூர் தொழிற்சாலையிலோ, கட்டை பிளவாதிருக்க முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகாணியைச் செலுத்தினர். கட்டைக்குப் பெயர்பெற்றது வால்நட் மரம். நம் நாட்டில் காஷ்மீரத்தில் விளைவது. சிதம்பரத்திற்குப் பெயர் தந்த தில்லை மரம் இதற்கெல்லாம் உதவாது. அதன் பால் கண்ணுக்கே கேடு.

எம்மரமாயினும் ஈரத்தை உண்ணும். நாரின் நெடுக்கில் மரம் ஏறக்குறைய நீளுவதேயில்லை, குறுக்கில் பருக்கும். மாரிக்காலத்தில் உங்கள் வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொள்வதை அறிவீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்க் காற்றில் நனைந்த கட்டையும் அவ்வாறே பருத்துக் குழலை ஒருபுறமாகத் தள்ளும். இதனாலேயே கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவர்.

பொருத்தம் பார்க்கும் முறை பல் வைத்தியர் முறையை ஒத்தது. அவர் வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்லி எந்தப் பல் முந்தி இடிக்கிறது என்று காண்பாரன்றோ? ஆர்மரர் எஃகின்மீது எண்ணெயில் குழைத்த விளக்குப்புகைக் கரியைத் தடவி, ஆக்ஷனைப் படுகையில் அழுத்தி எடுப்பார். கரி ஒட்டிய இடமே மேடு. அதனைச் சுரண்டுவார், மீண்டும் தடவுவார், மீண்டும் சுரண்டுவார். இங்கே பொறுமையைத் தவிர வேறு கருவி இல்லை. ஒருமுறை மிகுதியாகச் சுரண்டிவிட்டால் மரத்தைத் திரும்ப ஒட்டமுடியாது. இக்காலத்தில் எபாக்சிப் பசையைப் படுகையில் இட்டு, எஃகில் ஒட்டாதிருக்க மெழுகு பூசி, ஆக்ஷனை அதில் அமர்த்தி உறையவிடுகின்றனர். படுகை அச்சில் வார்த்தாற்போல் அமைகிறது. குழலை மரத்தைத் தொடாமல் முழுவதும் தனித்துவிடும் முறையும் பெருகிவிட்டது. கடலூரில் பிறந்து, 2021இல் டோக்கியோவிலும் 2024இல் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் சுட்ட இளவேனில் வாலறிவனின் ஆட்டமாகிய பத்து மீட்டர் காற்று ரைபிளில், பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். அங்கே மரத்தின் மனப்போக்கை நம்ப முடியுமா? அலுமினியக் கட்டைகள் அங்குப் பரவலாகிவிட்டன.

இனி அந்தத் துண்டுத் தாள். 1994ஆம் ஆண்டு, கடலூரில் ஒரு பள்ளியில் மாணவர் படைக்குப் பொறுப்பாசிரியனாக இருந்தேன். கார்த்திகை மாதம். முகாமுக்கு ஆள் தேர்ந்தெடுக்க .22 ரைபிளால் 25 மீட்டரில் சுடவைத்தோம். தேவனாம்பட்டினத்து மீனவர் மகன் ஒருவன், முந்தைய மாதம் ஐந்து துளைகளையும் ஒரு நாலணாக் காசால் மூடுமாறு சுட்டவன், அன்று சிதறவிட்டான். 'விசையை வெடுக்கென்று இழுக்கிறாய். மூச்சை அடக்கத் தெரியவில்லை' என்று எல்லோர் முன்னிலும் கடிந்து, அவன் பெயரை அடித்துவிட்டேன். அவன் மறுசொல் சொல்லவில்லை.

முகாம் முடிந்து பத்து நாள் கழித்து, படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆர்மரர் ஒருவர் கருவிகளைப் பார்வையிட வந்தார். அந்த ரைபிளை எடுத்தார். குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு தாளை நுழைத்து முன்னும் பின்னுமாக இழுத்தார். வலப்புறம் வழுக்கிச் சென்ற தாள் இடப்புறம் பாதியிலேயே சிக்கிக் கிழிந்தது. பிறகு குழலும் கட்டையும் சேருமிடத்தில் என் விரலை வைக்கச் சொல்லி, முன்திருகாணியைத் தளர்த்தினார். குழல் என் விரலடியில் அசைந்தது. "திருகாணி ஏற்கெனவே பாதி தளர்ந்திருக்கிறது, மாஸ்டர். மரம் ஊதியிருக்கிறது. இதைக்கொண்டு யார் சுட்டார்கள்?" என்றார்.

மாணவர் எவரும் இதைக் கேட்டுத் திருகாணியைக் கழற்ற முற்படவேண்டா. அஃது ஆர்மரரின் தொழில். தாளை நுழைத்துப் பார்க்கும்படி அவரைக் கேட்பது மட்டும் உங்கள் உரிமை. அன்று நான் கேட்டிருக்கவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை தேவனாம்பட்டினம் சென்றேன். அவன் தந்தையோடு வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தான். தவறு என்னுடையது, ரைபிளில் குழல் மரத்தில் சிக்கியிருந்தது என்று தந்தையின் முன்னிலையிலேயே சொன்னேன். அவன் வலையைக் கீழே வைத்தான்.

"எந்தப் பக்கம் சிக்கியது, சார்?"

"இடப்பக்கம்."

"முதல் குண்டு நடுவில் விழுந்தது, சார். பிறகு ஒவ்வொன்றும் வலப்பக்கமாகவே நகர்ந்தது. அட்டையைப் பாருங்கள்" என்றான்.

அட்டை என் மேசை அறையில் பதினைந்து நாளாகக் கிடந்தது. திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னபடியே இருந்தது.