வீரபாண்டியன் பிறப்புரிமையும் பாண்டியப் பேரரசின் வீழ்ச்சியும்

முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் கி. பி. 1268இல் முடிபுனைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி புரிந்தவன். அவன் மக்கள் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் தம்முள் பொருத பூசலே பாண்டியப் பேரரசைச் சாய்த்தது என்பர். அப்பூசலுக்கு வீரபாண்டியனின் பிறப்பே காரணமாயின், அப்பிறப்பு ஐயத்திற்கு இடமின்றி இருந்திருப்பின் வரலாறு எங்ஙனம் சென்றிருக்கும்? இதனை ஆராய்தல் வீண் கற்பனை அன்று. நாம் கொண்ட காரணத்தின் வலிமையை அளந்தறிய அது துணை செய்யும்.

இச்செய்திக்கு முதன்மைச் சான்று பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் எழுதிய நூலாகும். சுந்தரன் முறைப்படி மணந்த மனைவியின் மகன். வீரன் காமக்கிழத்தியின் மகன். தந்தை வீரனின் திறமை கருதி அவனையே தன் வழித்தோன்றலாக அறிவித்தான். அதனாற் சினந்த சுந்தரன் கி. பி. 1310இல் தந்தையைக் கொன்றான் என்பது அவர் கூற்று.

கல்வெட்டுகள் காட்டுவதோ வேறு. வீரபாண்டியனின் ஆட்சியாண்டுகள் ஏறத்தாழ 1297 முதலும், சுந்தரபாண்டியனின் ஆட்சியாண்டுகள் ஏறத்தாழ 1303 முதலும் கணக்கிடப்படுகின்றன. தந்தை வாழ்ந்த நாளிலேயே இருவரும் சடையவர்மன் என்னும் பட்டம் தாங்கி அரசுரிமை எய்தியிருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். பாண்டியர் பலர் ஒருங்கே ஆளும் வழக்கத்தினை மார்க்கோ போலோவும் கண்டு, உடன்பிறந்த அரசர் ஐவரைக் குறிப்பிடுகின்றார். அவர்கள் தம்முள் போரிட முனையுந்தோறும் தாய் இடைப்புகுந்து தடுத்தாள் என்றும் அவர் எழுதுகின்றார்.

இனி, குலசேகரன் சுந்தரனையே வழித்தோன்றலாக அறிவித்தான் எனக் கொள்வோம். பல ஆண்டுகள் அரசுரிமை தாங்கிய வீரன் அதற்குப் பணிந்திருப்பான் எனக் கருத இடமில்லை. இருவரும் ஒரே தாயின் மக்களாய் இருப்பினும் இந்நிலை மாறாது. ஆதலின் பூசலின் வேர் பிறப்பில் அன்று, பலர்க்கு முடிசூட்டிய ஆட்சி முறையிலேயே இருந்தது எனலாம்.

இருவரும் ஒன்றுபட்டிருப்பின் தில்லிப் படை வாராது ஒழிந்திருக்குமோ? அதுவும் ஐயமே. 1310இல் வாரங்கலைப் பணிவித்த மாலிக் காபூர், தென்னாட்டின் யானைகளையும் செல்வத்தையும் நாடியே மீண்டும் புறப்பட்டான். எனினும் ஒன்று உறுதி. பாண்டியர் பூசலைப் பயன்கொள்ளவே போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் தெற்கே படையெடுத்தான். அதனால் 1311இல் காபூர் துவாரசமுத்திரத்தை எளிதில் நெருங்கினான். பூசல் இன்றேல் வல்லாளன் தன் நகரிலேயே இருந்து எதிர்த்திருப்பான். சேர நாட்டு இரவிவர்மன் குலசேகரன் காஞ்சிவரை வந்ததும், 1316இல் காகதீயர் படை அங்கு நுழைந்ததும் எளிதில் நிகழ்ந்திரா. காபூர் வந்து மீண்ட பின்னரும் பாண்டியர் ஆட்சி அழியவில்லை என்பதும் நோக்கத்தக்கது. அதனைத் தேய்த்தது ஒரு படையெடுப்பு அன்று. ஒற்றுமையின்மை திறந்துவிட்ட வாயில்கள் பல.

எனவே, வாசாப்பின் கூற்று முற்றும் பொய் என்பது நம் கருத்தன்று. அதனைத் தாங்கும் கல்வெட்டுச் சான்று ஒன்றேனும் கிட்டும்வரை, வீரபாண்டியனை 'முறையிலாப் பிறப்பினன்' என முடிந்த முடிபாக எழுதுதல் தகாது. ஒரு பேரரசின் வீழ்ச்சியை ஒரு தாயின்மீது சுமத்துதல் எளிது. ஆட்சி முறையின் குறையை ஆராய்ந்து காண்டலே வரலாற்று மாணவர் கடன் ஆகும்.